கலைப்பதற்கு முன் கணக்கைக் காட்டு!

“கலைத்து விடுவோம். கடனும் தொலையும், கவலையும் தொலையும். ஆறு மாதம் சென்றபின் புதுப் பெயர் வைத்து, புதுச் சட்டை தைத்து, புதுக் குழுவாகக் கிளம்புவோம்!”

தோல்வி மேல் தோல்வி கண்டு துவண்டுபோன கால்பந்துக் கழகங்களில் இப்படியொரு பேச்சு எழுவது புதிதல்ல. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எழுந்தாலும் சரி, பள்ளிபாளையத்துத் தறிக்கூட வாசலில் எழுந்தாலும் சரி, நாமக்கல் லாரிப் பட்டறையில் எழுந்தாலும் சரி, பேச்சு ஒன்றுதான். பந்து வாங்கப் பணமில்லை. வெளியூர் ஆட்டத்துக்கு வேன் வாடகை இல்லை. பயிற்சி கொடுத்தவருக்குச் சேர வேண்டிய தொகை நிற்கிறது. நன்றாக ஆடியவன் பிழைப்புத் தேடித் திருப்பூருக்குப் போய்விட்டான். சட்டையில் தன் கடைப் பெயரைப் போடச் சொல்லிப் பணம் கொடுத்த முதலாளியோ, இந்த ஆண்டு “பிறகு பார்க்கலாம்” என்கிறார். கலைத்து விடலாம் என்று மனம் நொந்து சொல்லுகிறவர்களை நாம் குறை கூறப் போவதில்லை. ஆனால், சொல்லுகிறவர்கள் எல்லோரும் மனம் நொந்து சொல்லுகிறவர்கள்தானா என்று கேட்கத்தான் வேண்டும்.

அரசியல் ஏட்டுக்குப் பந்தாட்டத்தில் என்ன வேலை என்று சிலர் புருவத்தை நெரிப்பர். வேலை இருக்கிறது. பகலெல்லாம் தறியோடும் சுத்தியலோடும் மல்லாடும் இளைஞனுக்கு மாலை ஒரு மணி நேரம் அவன் சொந்தம். அந்த ஒரு மணி நேரத்தில் பதினொரு பேர் சாதி கேளாமல், ஊர்த் தெரு பார்க்காமல், ஒரே பந்தின் பின்னால் ஓடுகிறார்கள் என்றால், அது நமக்கு வேண்டியவர்கள் காரியம். அது மட்டுமல்ல, படிப்பகமாயினும், தொழிற்சங்கமாயினும், கூட்டுறவுச் சங்கமாயினும், நலிந்த காலத்தில் எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான் வருகிறது. கலைப்பதா, காப்பதா?

கலைக்கச் சொல்வது யார்?

முதலில் இதைக் கேட்க வேண்டும். பஞ்சாபில் பக்வாரா என்ற ஊரில் ஜே.சி.டி. ஆலைக்கு ஒரு கால்பந்துக் குழு இருந்தது. 1996-97இல் நடந்த முதல் தேசியக் கால்பந்து லீக்கில் வெற்றிக் கோப்பையை வென்ற குழு அது. 2011இல் நிர்வாகம் ஒரு முடிவெடுத்தது. குழு இல்லாமற் போயிற்று. அதற்கு முந்திய ஆண்டு, 2010இல், பம்பாயில் மகிந்திரா யுனைடெட் மறைந்தது. 2005-06இல் தேசிய லீக்கை வென்ற குழு! ஆடியவனைக் கேட்டார்களா? பார்த்தவனைக் கேட்டார்களா? கேட்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. குழு அவர்களுடைய சொத்து. கொட்டகையைப் பிரிப்பது போலப் பிரித்தார்கள்.

பிரிப்பதாவது ஒரு வகை. தூக்கிக் கொண்டு போவது இன்னொரு வகை. 2014இல் புனேயில் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். 2019இல் அது நொடித்தது. அந்த இடத்துக்கு ஐதராபாத் எஃப்.சி. வந்தது. 2022இல் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை ஐதராபாத் வென்றபோது அந்நகரத்து மக்கள் ஆடிப் பாடினர். அடுத்த ஆண்டே சம்பளம் வரவில்லை என்ற குரல் கேட்டது. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியேறினர். மீசை முளைக்காத பிள்ளைகளை வைத்துக் கொண்டு ஆடிய அந்தக் குழு, 2023-24 பருவத்தின் 22 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் வென்றது. 2025இல் குழு டில்லிக்குப் பெயர்ந்தது, பெயரும் மாறிற்று. புனேக்காரனுக்கும் குழு இல்லை, ஐதராபாத்துக்காரனுக்கும் குழு இல்லை. “புதிதாகத் தொடங்குகிறோம்” என்று ஒவ்வொரு முறையும் சொன்னார்கள். தொடங்கியது யாருக்கு? முடிந்தது யாருக்கு?

நம் வீட்டுக் கதை

அயலூர்க் கதை எதற்கு? நம் மாநிலத்திலேயே இருக்கிறது, நெஞ்சைச் சுடும் கதை.

1946இல் சென்னையில் நேதாஜி விளையாட்டுக் கழகம் என்ற பெயரில் பிறந்தது ஒரு குழு. பிற்காலத்தில் அது சென்னை சிட்டி எஃப்.சி. என்று பெயர் மாறி, 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் இடம் பெற்றது. பிறகு கோவை நேரு விளையாட்டரங்கைத் தன் களமாக்கிக் கொண்டது. சேலத்தில் காலையில் ரயிலேறினால் பகலுக்குள் போய்ச் சேரும் தூரம்தான். சிங்கப்பூரிலிருந்து வந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி முன்னணி வீரர். அந்த ஒரு பருவத்தில் 21 கோல் அடித்தார். அவர்களோடு நம் மாநிலத்துப் பிள்ளைகள்.

2019 மார்ச் 9. கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்றது சென்னை சிட்டி. புள்ளிகள் 43. கல்கத்தாவின் பேர்பெற்ற ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளியில் தேசிய லீக் பட்டம் முதன்முதலாகத் தமிழகத்துக் குழு ஒன்றின் கைக்கு வந்தது! சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் கழகம் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. ஆசியப் போட்டிகளிலும் நம் குழு கால் வைத்தது.

பிறகு? இரண்டே பருவங்கள். 2021-22 ஐ-லீக் தொடங்கியபோது பட்டியலில் சென்னை சிட்டியின் பெயர் இல்லை.

எழுபத்தைந்து ஆண்டுக் கழகம், பட்டம் வென்ற மூன்றாம் ஆண்டே காணாமற் போவதா? எவரோ ஒருவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்வது எளிது. நாம் அதைச் செய்யவில்லை. ஏற்பாட்டையே பார்க்கச் சொல்கிறோம். 2019இல் ஐ-லீக்கை வென்ற குழுவுக்கு மேலே ஏற ஏணி இல்லை. மேல்தட்டு லீக்கில் இடம் வேண்டுமானால் பணம் கட்டி வாங்க வேண்டும். ஆட்டத்தில் வென்று ஏற வழியில்லை. 2023இல்தான் பஞ்சாப் எஃப்.சி. ஐ-லீக்கை வென்ற பலனாக மேல்தட்டுக்கு ஏறிற்று. வென்றவன் வாசலில் நிற்க, வாங்கியவன் உள்ளே இருந்தான். வெற்றியால் வருமானம் வளராத குழு, உரிமையாளரின் பையை நம்பித்தான் வாழ வேண்டும். பை இளைத்தால் குழு இளைக்கும். கழகத்துக்கு உறுப்பினர்கள் இல்லை. கூட்டுவதற்குப் பொதுக்குழு இல்லை. ஆகையால், “கலைக்காதே, கணக்கைக் காட்டு” என்று சட்டப்படி எழுந்து கேட்க ஓர் ஆளும் இல்லை. கோவையில் கைதட்டிய ஆயிரக்கணக்கானோர் பார்வையாளர்களாக இருந்தார்களே தவிரப் பங்காளிகளாக இல்லை. சாவுக்குக் காரணம் அங்கே இருக்கிறது.

லாரிக்கும் எஃப்.சி. உண்டு

நாமக்கல்லில் எஃப்.சி. என்றால் முதலில் நினைவுக்கு வருவது பந்தாட்டம் அன்று. லாரிக்குக் காட்டும் தகுதிச் சான்று. நல்ல பொருத்தம்தான். பட்டறைத் தோழர்களுக்கு நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பாடி உளுத்துப் போனால் வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்புகிறார்களா? பழைய பாடியைக் கழற்றிவிட்டுப் புதுப் பாடி கட்டுகிறார்கள். சேஸ் நன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். சேஸ் முறிந்திருந்தால், எவ்வளவு வண்ணம் தீட்டினாலும் வண்டி சாலைக்கு உதவாது.

ஒரு கழகத்துக்குப் பெயரும் கொடியும் சட்டையும் தலைவரும் பாடி. ஆடும் பிள்ளைகளும், ஆடுகளமும், கையிலிருந்து சந்தா கொடுக்கும் உறுப்பினர்களும், நேர்மையான கணக்கும் சேஸ். கலைக்கலாமா என்று கேட்பவர்கள், இவற்றில் எது கெட்டிருக்கிறது என்று முதலில் சொல்லட்டும். பத்து ஆட்டத்தில் தோற்றது பாடியில் விழுந்த நசுங்கல். கணக்குப் புத்தகம் ஒருவர் வீட்டுப் பீரோவில் பூட்டிக் கிடப்பது சேஸில் விழுந்த வெடிப்பு.

சேலத்தில் எடுத்த முடிவு

இந்தச் சேலத்திலேயே இப்படியொரு கேள்விக்கு விடை கண்டிருக்கிறார்கள். நம் தோழர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் இந்தக் கோணத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும்.

1916இல் தொடங்கிய கட்சி. “ஜஸ்டிஸ்” என்ற ஏட்டின் பெயரால் நாட்டார் அதை நீதிக்கட்சி என்றனர். சென்னை மாகாணத்தை ஆண்ட கட்சி, 1937 தேர்தலில் மண்ணைக் கவ்விற்று. மாளிகைவாசிகள் சோர்ந்தனர். மக்களிடம் அதற்கு வேர் இல்லை என்று மாற்றார் நகைத்தனர். பெரியார் சிறையிலிருந்தபோது, 1938இல், தலைமை அவரிடம் வந்தது. 1944 ஆகஸ்டு 27. சேலம் மாநாடு. கட்சியைக் கலைத்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போகலாமென்றா முடிவு செய்தார்கள்? இல்லை. ராவ்பகதூர், திவான்பகதூர் பட்டங்களைத் துறக்க வேண்டும், வெள்ளை ஆட்சி தந்த கௌரவப் பதவிகளை விட வேண்டும் என்று அண்ணாவின் பெயரால் தீர்மானம் வந்தது. பெயர் திராவிடர் கழகம் என்று மாறிற்று. பாடி முழுதும் மாறிற்று. கொள்கையாகிய சேஸ் நின்றது. பழைய பெயரே போதுமென்று தனியே நின்றவர்களும் உண்டு. பெயர் அவர்களிடம் இருந்தது, மக்கள் அவர்களிடம் இல்லை. சில ஆண்டுகளில் பெயரும் மங்கிற்று.

கவனியுங்கள்: பெயரை மாற்றியவர்கள் சுமையை ஏற்றார்கள், சுகத்தை விட்டார்கள். கடனிலிருந்து தப்பப் பெயரை மாற்றுவதற்கும் இதற்கும் உள்ள தூரம், மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

பந்தாட்ட உலகிலும் இதற்கு ஒப்பு உண்டு. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரருகே நியூட்டன் ஹீத் என்ற இடத்தில், ரயில் பெட்டி செய்யும் தொழிலாளர்கள் 1878இல் ஒரு குழு கண்டனர். 1902இல் அது 2,670 பவுண்டு கடனில் மூழ்கி, நீதிமன்றத்தின் வாசலுக்குப் போயிற்று. குழுத் தலைவர் ஹாரி ஸ்டாஃபோர்டு ஓய்ந்து உட்காரவில்லை. ஆளுக்கு 500 பவுண்டு போட நால்வரைத் தேடிப் பிடித்தார். பெயர் மாறிற்று, சட்டையின் நிறம் மாறிற்று, ஆட்டம் நிற்கவில்லை. அந்தக் குழுவைத்தான் இன்று உலகம் மான்செஸ்டர் யுனைடெட் என்கிறது. ரயில்வேத் தொழிலாளியின் குழந்தை அது என்பதைச் சேலம் ரயில்வேத் தோழர்கள் பெருமையோடு சொல்லிக் கொள்ளலாம்.

கீழே இறங்குவது இழிவா?

“பெரிய பிரிவில் ஆடிவிட்டுச் சின்னப் பிரிவில் ஆடுவதா? அதைவிடக் கலைப்பதே மேல்” என்று ரோசம் பேசுவோர் உண்டு. கோவாவின் டெம்போ கழகத்தைப் பார்க்கட்டும். ஐந்து முறை தேசிய வெற்றியாளர். ஐ-லீக்கைக் கீழ்ப்படிக்குத் தள்ளும் திட்டம் வந்ததை எதிர்த்து 2016இல் சால்கோக்கர், ஸ்போர்ட்டிங் கோவா ஆகிய கழகங்களோடு அதுவும் வெளியேறியது. கடையைக் கட்டினார்களா? இல்லை. கோவாவின் உள்ளூர் லீக்கில், உள்ளூர்ப் பிள்ளைகளைக் கொண்டு ஆடிக் கொண்டேயிருந்தார்கள். கீழ்ப்பிரிவில் ஆடி, ஏற்றம் பெற்று, 2024இல் ஐ-லீக்குக்குத் திரும்பினார்கள். இடையில் எட்டு ஆண்டுகள். எட்டு ஆண்டு பொறுக்க முடியாத ரோசம் என்ன ரோசம்?

வெளியேறுவதும் நியாயமாகும் நேரம்

அப்படியானால் எந்த நாளும் பழைய கழகத்தை விடக் கூடாதா? அப்படி நாம் சொல்லவில்லை. சேஸ் முறிந்த பிறகு அதில் பயணம் போவது அறிவீனம். கழகம் கைப்பிடிக்குள் அகப்பட்டுவிட்டது, கணக்குக் கேட்டால் வசவு வருகிறது, பொதுக்குழுவைக் கூட்ட மறுக்கிறார்கள் என்ற நிலை வந்தால், உள்ளிருந்து மன்றாடிப் பயனில்லை. வெளியே வந்து புதிதாகக் கட்டுவதே வழி.

லண்டனில் விம்பிள்டன் என்ற பகுதியின் குழு, 1889இல் பிறந்தது; 1988இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. உரிமையாளர்கள் அதைச் சுமார் 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மில்டன் கீன்சுக்குக் கொண்டு போக விரும்பினர்; 2002இல் அனுமதியும் கிடைத்தது. ஆதரவாளர்கள் என்ன செய்தார்கள்? அழுது விட்டு அடங்கவில்லை. சில வாரங்களில் தாங்களே ஒரு கழகம் கண்டனர். ஊர்ப் பொதுத்திடலில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம் என்று அறிவித்தனர். சுமார் 230 பேர் வந்து நின்றனர். ஒன்பதாம் படியில் தொடங்கினார்கள். ஒன்பதே ஆண்டில், 2011இல், ஃபுட்பால் லீக்கில் ஏறினார்கள். 2020இல், தங்கள் பழைய ஊர்த்தெருவான ப்ளவ் லேனிலேயே சொந்த அரங்கம் கட்டிக் குடியேறினார்கள். கழகம் இன்றும் ஆதரவாளர்கள் கையில்.

நம் இயக்க வரலாற்றிலும் 1949 இருக்கிறது. திராவிடர் கழகத்திலிருந்து பிரிந்தவர்கள், பழைய கழகத்தின் சொத்தைக் கேட்டு வழக்காடவில்லை. தலைவர் நாற்காலியைக் கூடக் காலியாக விட்டுவிட்டுப் புதுக் கழகம் கண்டனர். புதிதாகத் தொடங்குவதென்றால் இப்படித் தொடங்க வேண்டும். வெறுங்கையோடு வந்தார்கள், ஆனால் வேண்டிய ஆட்களோடு வந்தார்கள்.

கூலிப் பாக்கி யார் தலையில்?

நம் கட்சி அழுத்தமாகக் கேட்பது இது. கலைப்பு என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒளிந்திருப்பது பாக்கி. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ரேஞ்சர்ஸ் கழகத்தை நடத்திய நிறுவனம் 2012இல் திவாலாயிற்று. புது நிறுவனம் வந்தது. குழு நான்காம் பிரிவிலிருந்து ஆடிற்று. 2016இல் மேற்பிரிவுக்கும் திரும்பிவிட்டது. பார்வையாளர்கள் மகிழ்ந்தனர். ஆனால் பழைய நிறுவனத்துக்குக் கடன் கொடுத்திருந்தவர்கள்? அரசாங்கத்தின் வரியும் நின்றது. சிறு கடைக்காரனின் பாக்கியும் நின்றது. கோப்பை திரும்பி வரும். கடைக்காரனின் காசு திரும்பி வருமா?

சேலம், நாமக்கல் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டுமா? ஒரு பெயரில் நடந்த பட்டறை பூட்டப்படும். மறு மாதம் மனைவி பெயரிலோ மைத்துனன் பெயரிலோ திறக்கப்படும். பழைய ஆளுக்குச் சேர வேண்டிய போனசைக் கேட்டால், “அது அந்தக் கம்பெனி, இது இந்தக் கம்பெனி” என்பார்கள். தொழிற்சங்க மேடையில் நாம் இதை மோசடி என்கிறோம். ஆடுகளத்தில் அதையே செய்தால் மட்டும் புது முயற்சி என்று மாலை போடுவதா? பயிற்சியாளரின் சம்பளம், ஆட்டக்காரனின் படி, வேன்காரனின் வாடகை, காலொடிந்த பையனின் வைத்தியச் செலவு ஆகியவை தீராமல் எந்தக் கழகமும் கலையக் கூடாது. கலைந்தால் அது கலைப்பு அன்று, ஓட்டம்!

என்ன செய்ய வேண்டும்?

வழி சொல்லாமல் வசை மட்டும் பாடுவது நம் வழக்கமல்ல. தள்ளாடும் கழகத்தின் தோழர்களுக்கு நாம் சொல்வது இது.

ஒன்று: பொதுக்குழுவைக் கூட்டுங்கள். வரவு, செலவு, கடன் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, எல்லோரும் பார்க்கும்படி சுவரில் ஒட்டுங்கள். கலைப்பதா காப்பதா என்ற வாக்கெடுப்பு அதன் பிறகு.

இரண்டு: கழகம் பதிவு செய்யப்படாமல் இருந்தால் பதிவு செய்யுங்கள். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே போதும். அதன்பின் ஆண்டுதோறும் கூட்டம் நடத்த வேண்டும், கணக்கு எழுத வேண்டும். நல்லவர் என்று நம்பி ஒருவர் சட்டைப்பையில் கழகத்தை வைப்பது, அந்த நல்லவருக்கும் நல்லதன்று.

மூன்று: ஒரு முதலாளியின் ஆயிரத்தை நம்பாமல் நூறு தொழிலாளியின் பத்தை நம்புங்கள். ஆயிரம் கொடுப்பவர் ஒரு நாள் கோபித்துக் கொள்வார். நூறு பேரும் ஒரே நாளில் கோபித்துக் கொள்ள மாட்டார்கள். ஒருவருக்கு ஒரு வாக்கு. கூடக் கொடுத்தவருக்கும் ஒன்றே. இது நம் மண்ணுக்குப் புதிய பாடமல்ல. ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் இடைத்தரகரிடம் சிக்கித் தவித்த காலத்தில், 1981இல், கூடிச் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் கண்டது இந்தச் சேலத்தில்தான். ஆலை வைத்திருப்பவர்களுக்கே கூட்டுறவு வேண்டியிருக்கிறது, ஆடுகிறவனுக்கு வேண்டாமா?

நான்கு: பெரியவர்களின் குழுவை ஓராண்டு நிறுத்தினாலும் பாதகமில்லை, சிறுவர்களின் பயிற்சியை ஒரு வாரம் கூட நிறுத்தாதீர்கள். கோப்பைக்காக வெளியூரிலிருந்து கூலிக்கு ஆள் பிடித்து, அந்தக் கடனில் முழுகிய கழகங்கள் போதும்.

ஐந்து: ஆடுகளத்தை விட்டுக் கொடுக்காதீர்கள். பள்ளித் திடலானாலும், ஏரிப் புறம்போக்கானாலும், கழகம் கலைந்த அன்றே அங்கே கல் நடப் பலர் காத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஆடும் வரைதான் அது திடல். ஆட்டம் நின்றால் மனை.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்சின் வளைவு நிற்கிறது. வருவோர் போவோர் நின்று பார்க்கிறார்கள், பெயரைப் படிக்கிறார்கள். உள்ளே படம் எடுத்தவர்கள் இல்லை, விளக்குப் பிடித்தவர்கள் இல்லை. பெயர் நிற்பது மட்டும் வாழ்வாகாது. ஆகவே பெயருக்காகச் சாக வேண்டாம். பெயரை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுங்கள். சட்டையை மாற்றுங்கள், தலைவரை மாற்றுங்கள், கீழ்ப்படியில் இறங்கியும் ஆடுங்கள்.

ஆனால் பாக்கியைத் தீர்க்காமல், பொதுக்குழுவைக் கேட்காமல், பிள்ளைகளை நடுத்தெருவில் விட்டுவிட்டு, “கலைத்து விட்டோம்” என்று எவர் வந்து சொன்னாலும், தோழர்களே, எழுந்து நின்று ஒன்றே ஒன்று கேளுங்கள்: கணக்கு எங்கே?